சிங்கி இறால்

இலத்தூரில் நின்று மேற்கே நோக்குவார்க்கு மலை தோன்றும். கடல் எத்திசையிலும் தோன்றாது. ஆயினும், குற்றாலத்தில் வீழும் சிற்றாறு தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவை அடைகின்றது. அக்கடலோரத்தும், தெற்கே கன்னியாகுமரிக் கரையோரத்தும், பாறை இடுக்குகளில் வாழ்வது சிங்கி இறால். இறாலைப் பழம்பாடல்கள் இறவு என்று கூறும்.

சிங்கி இறால் பகலில் பாறைக்குள் ஒடுங்கியிருந்து, இரவில் இரை தேடும். ஆதலின், சிறுபடகு மீனவர் மாலையில் பாறையருகே வலையிட்டு, வைகறையில் சென்று இழுப்பர். முன்னாளில் கடியப்பட்டணம் முதலிய ஊர்களில் கூடு வைத்தும் பிடித்தனர். கூட்டில் அகப்பட்டது ஊறின்றி இருக்கும். சிறியதாயின் மீண்டும் கடலில் விடலாம். வலையில் சிக்கியதற்கோ, எடுக்கும்போதே காலும் மீசையும் ஒடிந்துவிடுதல் உண்டு. ஒடிந்ததற்கு விலை குறைவு. உயிரோடு பொதிந்து, விமானத்தில் அயல்நாடு செல்லும் பண்டம் அன்றோ! பிடித்தவர் வீட்டு அடுப்பில் அது வேகும் நாள் அரிது.

விலை கூறும் உரிமையும் அவரிடம் இல்லை. வலைக்கும் இயந்திரத்துக்கும் முன்பணம் தந்த வணிகரிடமே பலர் இறாலைக் கொடுக்கின்றனர். கடன் தீருமளவும் வேறொருவரிடம் விலை கேட்டல் இயலாது. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனாவில் கொரோனா நோய் பரவியபோது, உயிருள்ள இறாலின் ஏற்றுமதி தடைப்பட்டது. எங்கோ ஒரு நாட்டில் கடை அடைத்தால், குமரிக் கரையில் உலை அடங்குகின்றது.

ஏற்றுமதிக்குரிய இறாலுக்கு இந்திய அரசு 2003-ஆம் ஆண்டில் எடையளவு வகுத்தது. குமரிக் கரையில் மிகுதியாகக் கிடைக்கும் இனம் 200 கிராமுக்கும், பல நிறம் பொலியும் பேரினம் 500 கிராமுக்கும் குறைதல் கூடாது. நல்ல விதியே. ஆனால், அவ்விதி ஏற்றுமதி வாயிலில் நிற்கின்றது. வலை இழுக்கும் படகு வரை வருவதில்லை. எடை குறைந்தது உள்ளூரில் சிறுவிலைக்குப் போய்விடுகின்றது.

தாய் இறால் தன் வயிற்றின் கீழ் இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமந்து திரியும். பொரிந்த குஞ்சு கண்ணாடி போல் தெளிந்து, இலை போல் தட்டையாய், பல திங்கள் கடலில் மிதந்த பின்னரே பாறையைச் சேரும். முட்டையுள்ள தாயைக் கடலில் விடுமாறு மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் எடுத்துரைத்து வந்துள்ளனர். விதைநெல்லைக் குற்றி உண்ணலாகாது என்பதை இலத்தூர் உழவரும் அறிவர். ஆனால், உழவர்க்கு வரப்பு உண்டு; விதைத்ததைத் தாமே அறுப்பர். கடலுக்கு வரப்பு இல்லை. 'இன்று நான் விட்டதை நாளை வேறொருவன் பிடிப்பான்' என மீனவர் கூறுவதை அறியாமை என்று தள்ளிவிடல் ஆகாது.

வைகறையில் வலையை இழுக்கும் ஒருவர் கையில் முட்டையுள்ள தாய் ஒன்று வருகின்றது என்க. நல்ல எடை, மீசையும் ஒடியவில்லை. கரையில் வணிகர் தராசுடன் காத்திருக்கின்றார். மகளின் கல்லூரிக் கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை. அவர் அவ்விறாலைப் படகின் விளிம்பில் ஏந்தியவாறே சிறிது பொழுது அமர்ந்திருக்கின்றார்.