மின்சாரம் போன வழி

அரிசி குறைந்தால் பானையைத் திறந்து பார்க்கலாம். எண்ணெய் குறைந்தால் போத்தலைத் தூக்கிப் பார்க்கலாம். மின்சாரமோ கண்ணுக்குப் புலனாகாத பொருள். அது செலவான செய்தியை மாத முடிவில் வரும் பட்டியலே நமக்குக் கூறுகிறது. அதுவும் எத்தனை அலகு என்று சொல்லுமேயன்றி, எதனால் என்று சொல்வதில்லை. சொல்லாது விட்ட அந்த இடத்திலேதான் சந்தேகம் வந்து குந்திக்கொள்கிறது. குடியிருப்பது வாடகை வீடாயின் கேட்கவே வேண்டியதில்லை. வீட்டுக்காரர் குடியிருப்போரை நோக்குவார். குடியிருப்போர் வீட்டுச் சுவரை நோக்குவர்.

கொக்குவிலில் நாம் வாடகைக்கு இருக்கும் வீட்டில் மாதமொன்றுக்கு 85 அலகுக்கு மேல் மின்சாரம் செலவானதில்லை. சென்ற ஆடியில் அது 131 ஆயிற்று. ஆவணியில் 187 ஆயிற்று. நம் நாட்டில் வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக ஏறுவது. அலகு கூடும்போது ஓர் அலகின் விலையும் கூடும். அதனோடு மாதாந்த நிலைக் கட்டணமும் ஏறும். ஆகவே அலகு இரு மடங்கானால் பணம் இரு மடங்கோடு நிற்பதில்லை. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் பெரிதும் உயர்த்தப்பட்ட காலத்தில் இந்தப் படிகளின் கனத்தை உணராத குடும்பம் இருக்க முடியாது.

அவ்வாண்டு ஆனி மாதத்திலேதான் எம் துணைவியாரின் தமக்கை மகள் கிளிநொச்சியிலிருந்து வந்து எம்மோடு தங்கினாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு அது முதலாம் வருடம். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "வீட்டிலை ஆள் கூடினால் கறண்டும் கூடுந்தானே, தம்பி" என்றார். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். தீய எண்ணத்தோடு சொன்னவரல்லர். ஆயினும் அச்சொல் அறைக்குள் இருந்த பிள்ளையின் காதிலும் விழுந்துவிட்டது.

அன்றிரவு அவள் அறையில் விளக்கு எரியவில்லை. மறுநாளும் எரியவில்லை. கேட்டபோது, "பகலிலை கம்பஸ் நூலகத்திலை படிச்சு முடிச்சிட்டன், சித்தப்பா" என்றாள். பரீட்சை நெருங்கும் காலத்தில் எந்த மாணவி இரவு எட்டு மணிக்குப் படித்து முடித்து உறங்குவாள்? அவளுடைய தாயார், 1990ஆம் ஆண்டின் பின் பல ஆண்டுகள் யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருந்த காலத்தில், ஜாம் போத்தல் விளக்கின் புகையிலே படித்தவர். அவர் மகள் மின்சாரம் உள்ள வீட்டில் இருட்டில் இருப்பதை நம்மால் பொறுக்க முடியவில்லை. பட்டியலின் பணத்தைவிட இதுவே பெரிய செலவாகத் தோன்றியது.

முதலில் கடதாசியும் பேனாவும் எடுத்தோம். ஓர் அலகு என்பது 1000 வாற்று வலு ஒரு மணி நேரம் செலவாவது. அவளுடைய எல்.ஈ.டி. மின்குமிழ் 9 வாற்று. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தாலும் 30 நாளில் ஒன்றரை அலகு ஆகாது. அவள் அறையின் மின்விசிறி 60 வாற்று. எட்டு மணி நேரம் சுழன்றால் மாதம் 14 அலகு சொச்சம். இரண்டும் சேர்ந்து 16 அலகு. கூடியதோ நூற்றுக்கு மேல்! அந்தக் கணக்கை அவள் கையிலே கொடுத்து, "பிள்ளை, குற்றவாளி நீ இல்லை, விளக்கைப் போட்டுப் படி" என்றோம். ஆனால் குற்றவாளி எங்கே என்ற கேள்வி எஞ்சி நின்றது.

அடுத்த நாள் சனிக்கிழமை. மெயின் சுவிச்சை அணைத்துவிட்டு மின்மானியைப் பார்த்தோம், தட்டுச் சுழலவில்லை. ஆகவே மானி தானே ஓடவில்லை. பின்னர் மெயின் சுவிச்சைப் போட்டு, செருகிகள் யாவற்றையும் கழற்றி, விளக்குகளையும் நீர்ப்பம்பியையும் நிறுத்திப் பார்த்தோம். அப்போதும் தட்டு அசையவில்லை. சுவருக்குள் செல்லும் கம்பிகளில் ஒழுக்கு இல்லை என்பதும் தெளிவாயிற்று. எனவே, கம்பியின் முனையில் உள்ள ஏதோ ஒரு பொருளே மின்சாரத்தை உண்கிறது.

அன்றிரவு பத்து மணிக்கு நீர்ப்பம்பியின் ஆளியை அணைத்து, குளிர்சாதனப் பெட்டியை மட்டும் ஓடவிட்டு, மானியின் இலக்கத்தைக் குறித்தோம். காலை ஐந்து மணிக்குச் செலவு 0.4 அலகு. மறுநாள் இரவு பம்பியின் ஆளியையும் போட்டுவிட்டு அவ்வாறே குறித்தோம். செலவு 1.4 அலகு! வீட்டில் எவரும் தண்ணீர் தொடாத ஏழு மணி நேரத்தில் பம்பி ஓர் அலகைக் குடித்திருந்தது. நாள் முழுவதற்கும் கணக்கிட்டால் ஏறத்தாழ மூன்றரை அலகு. மாதத்துக்கு நூற்றுக்குச் சற்று மேல். பட்டியல் கூறியதும் அதுவே.

அது ஒரு குதிரைவலுப் பம்பி. நீர்த்தாங்கியில் நீர் குறைந்தால் தானாக ஓடி, நிறைந்தால் தானாக நிற்கும். பம்பியை நிறுத்திய முதல் இரவின் விடியலில் 1000 லீற்றர்த் தாங்கி வெறுமையாகக் கிடந்தது எம் நினைவுக்கு வந்தது. நீர் எங்கோ போகிறது. போன நீரை நிரப்பவே பம்பி இரவும் பகலும் உழைக்கிறது.

ஆனால் முற்றத்தில் ஈரமில்லை. எமது நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே விழுந்த நீரை விரைவில் உள்ளே இழுத்துக்கொள்ளும். வழியைக் காட்டியவள் எம் துணைவியார்தான். "ஆவணி வெயிலிலை ஊரெல்லாம் வாழை வாடிக்கிடக்குது. எங்கடை கோடிப்புறத்து வாழை மட்டும் மதாளிச்சு நிக்குதே, கவனிச்சனீங்களோ?" என்றார். வாழையடியை இரண்டடி தோண்டினோம். பின்புறக் குளியலறைக்குச் செல்லும் பழைய பி.வி.சி. குழாய் மூட்டிலே கழன்று, ஊற்றுப்போல் நீர் பெருகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரரை அழைத்து, வாழையடியையும் எமது குறிப்புக் கொப்பியையும் ஒருங்கே காட்டினோம். இலக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஆசிரியரல்லவா, கணக்குக்கு மதிப்புக் கொடுத்தார். குழாயைத் தம் செலவில் மாற்றியதோடு, கூடிய தொகையில் பாதியை வாடகையிற் கழித்துக்கொள்ளுமாறும் கூறினார். புறப்படும்போது வாசலில் நின்று, "பிள்ளை, மாஸ்ரர் தெரியாமல் சொல்லிப்போட்டன், மனசிலை வைச்சிருக்காதை" என்றார். அவள் தலையைக் குனிந்து சிரித்தாள். அடுத்த மாதப் பட்டியல் 92 அலகு.

வாடகை வீட்டில் வாழும் குடும்பத்தார் இதில் அறிந்துகொள்ளத்தக்கது உண்டு. குடிபுகும் நாளிலேயே மானியின் இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை பார்த்துக் குறியுங்கள். பட்டியல் ஏறினால் மெயின் சுவிச்சை அணைத்துச் சோதியுங்கள். பின்னர் ஒன்றைப் போட்டு ஒன்றை நிறுத்தி, ஓர் இரவுக்கு மறு இரவை ஒப்பிடுங்கள். கம்பியிலே கை வைக்க வேண்டின், அதைத் தொழில் அறிந்தவரிடம் விட்டுவிடுங்கள். தானாக ஓடும் எந்தப் பொறியையும் முதலிற் சந்தேகியுங்கள்; மழை நீரையே நம்பியிருக்கும் யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்கும் அது நன்மை பயக்கும்.

மாணவருக்கு ஒரு வார்த்தை. பள்ளியில் கற்கும் வலுவும் அலகும் பரீட்சைத் தாளுக்கு மட்டும் உரியவையல்ல. மனிதர்மேல் சந்தேகம் எழும் இடத்தில் முதலில் மானியைப் பாருங்கள். பொருளின் குற்றத்தை ஆளின்மேல் சுமத்தாதிருக்க அந்தச் சிறு கணக்கு போதும்.