தொட்டுப் பார்க்காத கை

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து, அந்த இடத்தில் சிலிக்கோன் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், அது இடம் மாறுகிறது என்று என்னிடம் வந்து சொன்னார். நான் அவரைப் பரிசோதிக்கவில்லை. ரவிக்கையை விலக்கிப் பார்க்கக்கூட இல்லை. நானும் ஒரு பெண். அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் பல காலமாகக் குடும்ப மருத்துவராக இருப்பவள். இதைச் சொல்லாமல் வைத்திருக்க இனி என்னால் முடியாது.

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணி கம்பெனியில் வேலை பார்ப்பவர். ஆவடியிலிருந்து தினமும் பஸ். பிரஷர் மாத்திரைக்கு என்னிடம் வருவார். அப்படி வந்த ஒரு மாலையில்தான் சொன்னார்: “படுத்தா அக்குள் பக்கம் சரிஞ்சு போயிடுது மேடம். பஸ்ல கம்பியப் பிடிச்சு நின்னா தானா இழுத்துக்குது. தண்ணி கேன் தூக்கினா பார்க்கவே பயமா இருக்கு.”

நோயாளி ஒருவர் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் நகர்கிறது, எப்போது நகர்கிறது, எந்த வேலை செய்தால் அதிகமாகிறது என்று எல்லாமே அதில் இருந்தது. நான் மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “உயிர் பிழைச்சிருக்கீங்களே, அது போதாதா? இந்த வயசுல இதுக்கெல்லாம் கவலைப்படலாமா?” என்றேன். “சரிங்க மேடம்” என்று சீட்டை வாங்கிக்கொண்டு போனார்.

சில மாதம் கழித்து, இம்முறை குரலைத் தாழ்த்தி, மறுபடியும் கேட்டார். ராத்திரியும் இறுக்கமான உள்ளாடை போட்டு, பக்கவாட்டில் துண்டை மடித்து வைத்துக்கொண்டுதான் தூங்குவதாகச் சொன்னார். சரி செய்ய ஆபரேஷன் இருந்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா என்றார். “அழகுக்காகப் பண்றதுக்கெல்லாம் அவங்க பணம் தர மாட்டாங்க” என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை.

கூட்டம் அதிகம், நேரம் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அது பொய். நேரம் இருந்தது, எனக்குத்தான் அவரை மதிக்க மனம் இல்லை. உயிரைக் காப்பது மருத்துவம், உருவத்தைக் காப்பது வசதியுள்ளவர்களின் ஆசை என்ற எண்ணம் எனக்குள் ஊறிக் கிடந்தது. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக உருவத்தைச் சீரமைக்கும் அறுவைக்கென்று இலவசச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியபோது, உலகப் பத்திரிகைகளிலெல்லாம் அது செய்தியானது. ஏழைகளுக்கு மட்டும் இது ஏன் கிடைக்கக்கூடாது என்ற வாதத்தோடு அன்றைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர் அதை ஆதரித்தார். அரசுப் பணம் உயிர்காக்கும் சிகிச்சைக்குப் போக வேண்டும் என்று எதிர்ப்பும் எழுந்தது. நான் எதிர்த்தவர்கள் பக்கம் நின்றேன். சக மருத்துவர்களிடம் காரசாரமாகப் பேசினேன். புற்றுநோயில் மார்பை இழந்த பெண்ணும் அந்தப் பிரிவின் வாசலுக்கு வரக்கூடியவள்தான் என்று ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. ஆவடியிலிருந்து பஸ் ஏறி வேலைக்குப் போகும் ஒரு அம்மாவுக்கு இது எதற்கு என்று பிறகு நான் நினைத்ததற்கு விதை அங்கேயே விழுந்திருக்கிறது.

அவருடைய மகள்தான் கடைசியில் நகரத்தில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் கூட்டிப்போனாள். அந்த சர்ஜன் எழுதிய கடிதம் என் மேசைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். மார்பை எப்படி எடுப்பது என்று கல்லூரியில் கற்றிருந்தேன். எடுத்த பிறகு எப்படி அமைக்கிறார்கள் என்பது பெயரளவில்தான் தெரியும்.

உடலுக்குள் எந்த அந்நியப் பொருளை வைத்தாலும் அதைச் சுற்றி உடல் ஒரு தழும்புச் சவ்வை வளர்க்கும். இம்ப்ளான்ட் உட்கார்ந்திருக்கும் பை அதுதான். அந்தப் பை ஒரு பக்கம் தளர்ந்தால், பல நூறு கிராம் எடையுள்ள சிலிக்கோன் அந்தப் பக்கம் சரியும். சிலருக்கு மார்பின் அடிமடிப்பைத் தாண்டிக் கீழே இறங்கும். சிலருக்கு நடுநெஞ்சை நோக்கி நகர்ந்து இரண்டும் ஒட்டினாற்போல் ஆகும். கதிர்வீச்சு வாங்கியவர்களுக்குப் பை சுருங்கி மேலே ஏறுவதுண்டு. துளி வடிவ இம்ப்ளான்ட் உள்ளேயே சுழன்றும் போகலாம். 2019-இல் அலெர்கன் நிறுவனத்தின் சொரசொரப்பான வகை, அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையதென்று உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகு வழவழப்பான வகை அதிகம் புழங்குகிறது. அது திசுவோடு ஒட்டாது. பைக்குள் எளிதாக வழுக்கும்.

இந்த அம்மாவுக்கு இம்ப்ளான்டை நெஞ்சுத் தசைக்கு அடியில் வைத்திருந்தார்கள். அப்படி வைக்க, தசையின் கீழ்விளிம்பை விலா எலும்பிலிருந்து விடுவிப்பார்கள். பிறகு கையை ஊன்றும்போதும் எடை தூக்கும்போதும் அந்தத் தசை சுருங்கி, அடியில் இருப்பதை வெளிப்புறமாகத் தள்ளும். பஸ் கம்பியும் தண்ணீர் கேனும் அவர் சொன்னபடியே காரணங்கள். ஒவ்வொரு நாளும் தள்ளத் தள்ள, அக்குள் பக்கத்துப் பை அகலமாகிக்கொண்டே போயிருக்கிறது. அந்த மாதங்களில் மாதாமாதம் நான் அவருக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவற்றை விடப் பெரியது ஒன்று இருக்கிறது. புற்றுநோய் வந்த பெண் அந்த இடத்தில் ஏதோ மாறியிருக்கிறது என்றால், முதலில் கை வைத்துப் பார்க்க வேண்டும். கட்டி திரும்பியிருக்கிறதா, நீர் சேர்ந்திருக்கிறதா, சீழ் பிடித்திருக்கிறதா என்று தேட வேண்டும். அது அழகு சம்பந்தப்பட்டதே இல்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோதே எனக்குத் தெரிந்த பாடம். ஸ்கேனில் அவருக்குப் புற்றுநோய் திரும்பியதற்கான அறிகுறி எதுவும் இல்லை. அந்த நல்ல செய்தியில் என் பங்கு எதுவும் இல்லை.

அறுவையில் தளர்ந்த பையைத் தைத்து இறுக்கி, தசையைப் பழைய இடத்தில் பொருத்தி, இம்ப்ளான்டைத் தசைக்கு மேலே மாற்றினார்கள். ஆனால் வெளிப்புறத் தோல் மெலிந்துபோயிருந்தது. அதனால் முதுகிலிருந்து தோலோடு ஒரு தசையைத் திருப்பிக் கொண்டுவந்து மூட வேண்டியிருந்தது. இத்தாலியில் இஜினியோ டான்சினி 1906-இலேயே விவரித்த முறை அது. நூறாண்டுக்கு மேல் பழையது. இப்போது அவருக்கு முதுகிலும் ஒரு நீளத் தழும்பு. முன்பே வந்திருந்தால் முதுகைத் தொடாமலே முடிந்திருக்குமா என்று சர்ஜனைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். தோல் ஒரே நாளில் மெலியாது என்பது எனக்குத் தெரியும்.

செலவை இன்சூரன்ஸ் ஏற்றுக்கொண்டது. அழகுக்கான அறுவையை விலக்கும் விதியிலேயே, விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கு அது பொருந்தாது என்று இருக்கிறது. என் சொந்த பாலிசியைப் பிரித்துப் பார்த்தேன். அதே வரி அதிலும் இருந்தது.

காயம் ஆறிய பிறகு அவர் பிரஷர் பார்க்க வந்தார். என் தவறு என்று சொன்னேன். எது தவறு என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: “நீங்க அப்படிச் சொன்னதும், நான்தான் பேராசைப்படறேன்னு நினைச்சுட்டேன் மேடம். அதான் செக்கப்புக்குப் போனப்பகூட அந்தப் பெரிய டாக்டருங்க யாருகிட்டயும் சொல்லலை.”

நான் பார்க்காமல் விட்டதோடு நிற்கவில்லை. பார்க்கத் தெரிந்தவர்களிடமும் அவரைப் பேசவிடாமல் செய்திருக்கிறேன்.

அவருடைய பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். பிரஷர், எடை, மாத்திரையின் பெயர் எல்லாம் இருக்கின்றன. அவர் சொன்னது எங்கும் இல்லை. இவரைப் போல வேறு யாரையெல்லாம் அதே பதிலைச் சொல்லி அனுப்பினேன் என்று கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ, மார்பக அறுவைக்குப் பிறகு எதையோ சொல்ல வந்து, ஒரு பெண் டாக்டரிடம் “உயிர் பிழைச்சதே போதும்” என்று கேட்டுத் திரும்பியவர் நீங்கள் என்றால், அது நானாக இருக்கலாம். மறுபடி வாருங்கள், உட்காரவைத்து, கை வைத்துப் பார்க்கிறேன். என்னிடம் வரப் பிடிக்காவிட்டால், உங்களுக்கு அறுவை செய்த டாக்டரிடமே இந்த வாரம் போய், படுத்தால் எங்கே சரிகிறது, கை தூக்கினால் எப்படி இழுக்கிறது என்று அந்த அம்மா சொன்னதுபோல அப்படியே சொல்லுங்கள்.