மஞ்சள் முக்கோணம்

கெமிக்கல் டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் சேர்த்துதான் இதை எழுதுறேன். நடுவுல கொஞ்சம் கெமிஸ்ட்ரி வரும், ஓடிடாதீங்க. ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம் படிச்சவ நான், எழுத்துப்பிழை இருந்தா எடிட்டோரியல் டீம் பார்த்துப்பாங்க.

தேர்ட் இயர்ல எங்க மினி பிராஜெக்ட் சுசுகி கப்ளிங். நாங்க தயார் பண்ண ஒரு கேட்டலிஸ்ட் வேலை செய்யுதான்னு பார்க்கணும். அதுக்கு வேண்டிய ஒரு பொருள் புரோமோபென்சீன். பென்சீன் வளையத்துல ஒரு ஹைட்ரஜனை எடுத்துட்டு அங்க ஒரு புரோமினை வச்சா அதுதான். நிறம் கிடையாது, தண்ணியை விட ஒன்றரை மடங்கு கனம், வாசனை நல்லாவே இருக்கும். அந்த நல்ல வாசனைதான் ஆபத்து, மூக்கு எச்சரிக்கை பண்ணாது.

எங்க கைடு மேடம் ஒரு ரூல் வச்சிருந்தாங்க. சேஃப்டி டேட்டா ஷீட்டைப் படிச்சு ஒப்பிக்காம பாட்டிலைத் தொடக்கூடாது. நான் கடகடன்னு ஒப்பிச்சேன். தோலை எரிக்கும். தீப்பிடிக்கும், ஃபிளாஷ் பாயின்ட் 51 டிகிரி (நம்ம ஊரு மே மாச வெயிலுக்கும் அதுக்கும் பத்து டிகிரி தான் தூரம்). நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. சிங்க்குல ஊத்தக்கூடாது, ஊத்தினா தண்ணியோட கலக்காம குழாய் வளைவுல போய் அடியில உட்கார்ந்துக்கும். ஹாலஜன் உள்ள கழிவுக்குத் தனி கேன். மேல சிந்தினா உடனே துணியைக் கழட்டணும், சோப்பு போட்டுக் கழுவணும். மேடம் "குட்" சொன்னாங்க.

ஈரல் விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. புரோமோபென்சீன் நேரடியா ஈரலைக் கெடுக்கிறது இல்லை. அதை வெளியேத்தணும்னு ஈரலே வளையத்துல ஒரு ஆக்சிஜனைச் சேர்க்குது. அப்படி வர்ற எபாக்சைடுதான் வில்லன். உடம்புல இருக்குற குளுட்டதயோன் அதைப் பிடிச்சு அடக்கும். குளுட்டதயோன் தீர்ந்து போச்சுன்னா எபாக்சைடு ஈரல் செல்லோட புரோட்டீன்லயே ஒட்டிக்கும், செல் செத்துப்போகும். 1970களோட தொடக்கத்துல அமெரிக்காவுல தேசிய சுகாதார நிறுவனத்துல இதைக் கண்டுபிடிச்சாங்க. பாரசிட்டமால் அளவுக்கு மீறினா ஈரல் ஏன் போகுதுங்கிற கேள்விக்கும் இதே வழியிலதான் விடை கிடைச்சது. இவ்வளவும் எனக்குத் தெரியும். வைவாவுல முழு மார்க்.

இப்ப எங்க ஊருக்கு வாங்க. கூட்டேரிப்பட்டு. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுல, மயிலம் முருகன் கோயிலுக்குப் போறவங்க பஸ்ஸை விட்டு இறங்குற இடம்னு சொன்னா பல பேருக்குத் தெரியும். எங்களுக்கு அங்க கொஞ்சம் நிலம் இருக்கு. மல்லாட்டை, உளுந்து, ஒரு முப்பது சென்ட்ல கத்திரி.

போன கார்த்திகை மாசம் ஒரு சனிக்கிழமை. கத்திரியில காய்ப்புழு. அப்பா மருந்து அடிக்கப் போனார். கவனிச்சிருக்கீங்களா, நாம அதை விஷம்னு சொல்றதே இல்லை. மருந்து, மருந்துக்கடை, மருந்தடிக்கிற மெஷின். மெஷினோட வாஷர் தேஞ்சு போயி முதுகுல ஒழுகிட்டே இருந்திருக்கு. அப்பா சட்டை முதுகோட ஒட்டின ஈரத்தோடயே மூணு மணி நேரம் அடிச்சு முடிச்சுட்டு, ரெண்டு மணிக்கு வந்து திண்ணையில உட்கார்ந்தார். வேர்வை ஊத்துது. வாய்ல எச்சில் நிக்காம வருது. "கண்ணு மங்கலா தெரியுது பாப்பா"ன்னார். "காலையில சாப்புடாம போனா இப்படித்தான், வெயிலு"ன்னு சொல்லி அம்மா மோர் கொடுத்தாங்க. நான் ஃபேனைத் திருப்பி வச்சேன்.

அவ்வளவுதான் நான் பண்ணது. அரை மணி நேரம் அந்தச் சட்டை அவர் உடம்புலயே இருந்தது.

சித்தப்பா வண்டி எடுத்துட்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நர்ஸ் அக்கா முதல்ல பண்ண வேலை என்ன தெரியுமா? சட்டையைக் கழட்டி ஒரு கவர்ல போட்டு, முதுகை சோப்பு போட்டுக் கழுவினாங்க. டாக்டர் டார்ச் அடிச்சுக் கண்ணைப் பார்த்தார். கண்மணி ரெண்டும் கடுகு மாதிரி சுருங்கி இருந்தது.

"என்ன மருந்து அடிச்சாரு?"

"கத்திரிக்கு அடிக்கிற மருந்து சார்."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. பேரு என்ன? டப்பா எங்க?"

டப்பா வரப்புல கிடந்தது. தம்பி ஓடிப்போய் போட்டோ எடுத்து அனுப்பினான். புரோஃபெனோஃபாஸ் 50 ஈசி. டாக்டர் பார்த்துட்டு, ஏற்கெனவே ஆரம்பிச்ச அட்ரோபினைத் தொடரச் சொன்னார். அஞ்சு நாள் கழிச்சு அப்பா வீட்டுக்கு வந்தார். இப்ப நல்லா இருக்கார், அதனாலதான் இதை எழுத முடியுது.

ஆஸ்பத்திரி வராண்டாவுல உட்கார்ந்து அந்தப் பேரை போன்ல தேடினேன். படத்தைப் பார்த்ததும் கை நின்னுடுச்சு. பென்சீன் வளையம், அதுல ஒரு புரோமின். பக்கத்துல ஒரு குளோரின், இன்னொரு பக்கம் பாஸ்பரஸ். நான் ஃபியூம் ஹூடுக்குள்ள, கண்ணாடி போட்டு, கோட்டு போட்டு, மில்லிலிட்டர் கணக்குல எடுத்த பாட்டிலோட தூரத்துச் சொந்தம். இதுல கெடுதல் பண்றது புரோமின் இல்லை, பாஸ்பரஸ் பக்கம். நரம்பு தசைக்கு அனுப்புற அசிட்டைல்கோலினை உடைக்கிற என்சைமை அது பூட்டிடும். சுவிட்ச் ஆன் ஆனது ஆஃப் ஆகாது. எச்சில், வேர்வை, சுருங்கின கண்மணி எல்லாம் அதனாலதான். புரோமின் இருக்குற வளையம் மட்டும் தனியாக் கழண்டு சிறுநீர்ல வெளியே போகும்.

இது எங்க வீட்டுல மட்டும் நடந்தது இல்லை. 2017ல மகாராஷ்டிராவோட யவத்மால் மாவட்டத்துல பருத்திக்கு மருந்தடிச்ச 20க்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க, நூத்துக்கணக்கானவங்க ஆஸ்பத்திரியில. அப்ப அடிபட்ட பேர்கள்ல புரோஃபெனோஃபாஸும் சைபர்மெத்ரினும் சேர்ந்த கலவையும் ஒண்ணு. நம்ம தமிழ்நாடு அரசும் 2023 தொடக்கத்துல, தற்கொலைகளைக் குறைக்கணும்னு, ஆறு பூச்சிமருந்துகளை 60 நாளைக்குத் தடை பண்ணுச்சு. அதுலயும் இது இருந்தது. 60 நாள் முடிஞ்சது, கடையில திரும்ப வந்துடுச்சு.

அப்பா திரும்பி வந்தப்புறம் டப்பாவோட வந்த துண்டுப்பேப்பரை எடுத்தேன். சட்டப்படி வட்டார மொழியிலயும் அச்சடிக்கணும், அச்சடிச்சிருந்தாங்க, எறும்பு சைஸ்ல. அப்பாவுக்குத் தமிழ் நல்லா வரும், கண்ணாடி போட்டாலும் அந்த எழுத்து தெரியலை. எனக்கு எழுத்து தெரியுது, தமிழ் தடுமாறுது. "விஷ... முறிவு"ன்னு நான் ரெண்டு தடவை நிறுத்தி வாசிச்சேன். அப்பா சிரிச்சார். ஆன்டிடோட்னு இருந்திருந்தா அரை செகண்ட்ல வாசிச்சிருப்பேன். அதுல ஒரு வரி: மருந்து பட்ட துணியை உடனே கழட்டவும். எனக்கு இங்கிலீஷ்ல மனப்பாடமா தெரிஞ்ச அதே வரி. வைவா ஹால்ல வந்த வரி திண்ணையில வரலை.

பயிர்கள் லிஸ்ட்ல பருத்தி இருந்தது. கத்திரிக்காய் பேரே இல்லை.

லேபிள்ல ஒரு சதுரத்தைச் சாய்ச்சு வச்ச மாதிரி இருக்கும், அதோட கீழ்ப் பாதி முக்கோணத்துல ஒரு கலர். சிவப்புன்னா மிகக் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை. பச்சைக்கும் சும்மா விட்டுடலாம்னு அர்த்தம் இல்லை. இது மஞ்சள். "மஞ்சள்னா நல்லதுன்னு நெனச்சேன்"னார் அப்பா. தப்பு சொல்ல முடியுமா? கல்யாணப் பத்திரிகை முனையில வைக்கிற கலர்.

இப்ப எங்க வீட்டுல சில மாற்றம் இருக்கு. வாஷர் புதுசு. கலக்குறது குச்சியில, கையால இல்லை. விடிகாலையில, காத்துக்கு முதுகு காட்டி அடிக்கிறார். அடிச்ச சட்டைக்குத் தனி பக்கெட். டப்பாவோட போட்டோ என் போன்லயும் தம்பி போன்லயும் இருக்கு. ரெயின்கோட் வாங்கிக் கொடுத்தேன், ஒரு நாள் போட்டுட்டு "வேகுது"ன்னு கழட்டிட்டார். அதை ஜெயிக்க எனக்கு இன்னும் வழி தெரியலை. கையுறை பத்தியும் நான் பெருசா பேச முடியாது. லேப்ல நாம போடுற மெல்லிசு நைட்ரைல் கையுறையைப் புரோமோபென்சீன் சீக்கிரமே ஊடுருவிடும். பட்டா உடனே மாத்தணும். 1996ல டார்ட்மத் கல்லூரியில கேரன் வெட்டர்ஹான்ங்கிற பேராசிரியர் கையுறை மேல டைமெத்தில் மெர்குரி சில துளி சிந்தி, அது உள்ளே போயி, அடுத்த வருஷம் இறந்தாங்க. கையுறை போட்டிருந்தாங்க.

இதையெல்லாம் அப்பாகிட்ட சொல்லிட்டு இருந்தேன். ஹூடு, தனி கேன், எல்லாம். பொறுமையா கேட்டுட்டு ஒண்ணு கேட்டார்.

"நீங்க வேலை செஞ்ச பாட்டிலயெல்லாம் யாரு கழுவுறா?"

"லேப்ல ஒரு அண்ணா இருக்காரு."

"அவரு கையில என்ன போட்டிருக்காரு?"

எனக்குத் தெரியலை. மூணு வருஷமா அந்த அண்ணாவைப் பார்க்குறேன்.

திங்கக்கிழமை போய்ப் பார்த்தேன். வெறும் கை. ஒரு பிரஷ், சோப்புத்தூள். கழுவக் கொடுக்கிறதுக்கு முன்னாடி நாங்களே அசிட்டோன்ல அலசி கழிவு கேன்ல ஊத்திடணும்னு ரூல் இருக்கு. பஸ்ஸுக்கு நேரமானா அப்படியே வச்சுட்டுப் போவோம். அன்னிக்கும் எங்க பேட்ச் ஃபிளாஸ்க் ஒண்ணு சிங்க்குல இருந்தது.

"அண்ணா, இதுல என்ன இருந்துச்சுன்னு தெரியுமா?"

"ஏதோ மருந்தும்மா. வாசனையா இருக்கும்"னார்.