அல்சேஷன் ஒரு மேய்ப்பன்

யாழ்ப்பாணத்தில் அல்சேஷன் எண்டால் முதலில் நினைவுக்கு வாறது கேற்றில தொங்கிற ‘நாய் கடிக்கும்’ பலகைதான். அடுத்தது பொலிஸ் நாய். பக்கத்து வீட்டு அன்ரியிடம் நிற்கிற ரைகரையும் நான் அப்படித்தான் பார்த்து வந்தேன். அவனை ஆசையாக வாங்கின மகன் வெளிநாடு போய்விட்டார். பகல் முழுக்கச் சங்கிலி. பின்னேரம் அவிழ்த்துவிட்டால் மதிலோரமாகவே போய்ப் போய் வருவான். அவன் நடந்து நடந்து மண்ணில் ஒரு தடமே விழுந்திருந்தது. “இதுக்கு விசர் தம்பி, ஆருக்கும் குடுக்கப்போறன்” எண்டு அன்ரி சொல்லத் தொடங்கினா.

அந்தத் தடம்தான் இந்த இனத்தைப் பற்றி என்னைத் தேட வைத்தது. இதன் உண்மைப் பெயர் ஜேர்மன் ஷெப்பர்ட். ஷெப்பர்ட் என்றால் மேய்ப்பன். ஜேர்மனியில் ஆடுகள் வேலியில்லாத வயல்களுக்கு நடுவே மேய்ந்தன. ஒரு பக்கம் புல், மறுபக்கம் பயிர். நாய் அந்த எல்லையில் மணிக்கணக்காக அங்கும் இங்கும் நடந்து, தானே வேலியாக இருக்க வேண்டும்.

1899இல் மாக்ஸ் வொன் ஸ்டெபானிட்ஸ் என்பவர் அப்படியொரு நாயை வாங்கி, ஹொராண்ட் என்று பெயர் மாற்றி, இனப் பதிவேட்டில் முதலாவதாகப் பதிந்தார். மேய்ச்சல் குறைந்துபோகவே, இந்த நாய்களுக்கு வேறு வேலை வேண்டுமென்று பொலிஸையும் இராணுவத்தையும் நாடினார். முதலாம் உலகப் போர்க்காலத்து ஜேர்மன் வெறுப்பில் பிரித்தானியர் வைத்த பெயர்தான் ‘அல்சேஷன்’. 1977இல் அவர்களே பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்கள். நாங்கள் இன்னும் விடவில்லை.

ரைகருக்கு விசர் இல்லை. ஆடுகள் இல்லாத இடத்தில் அவன் வேலி காத்துக்கொண்டிருந்தான்.

அன்ரியிடம் கேட்டு, விடிய வெயில் ஏற முதல் ஒரு மணித்தியாலம் அவனை நடக்கக் கூட்டிப் போகிறேன். அடர்ந்த இரட்டை மயிரோடு அவனால் எங்கட வெக்கையைத் தாங்க ஏலாது. நடை மட்டும் போதாது, மூளைக்கும் வேலை வேணும். பழைய செருப்பை ஒளித்துவைத்து ‘தேடு’ எண்டால் மோப்பம் பிடித்துக் கொண்டு வந்து தருவான். பிறகுதான் நிம்மதியாகப் படுப்பான். அன்ரி இப்ப குடுக்கிற கதை எடுக்கிறதில்லை.

குட்டி வாங்க ஆசைப்படுகிறவர்கள் விலையை விசாரிக்க முதல் ஒன்றை யோசியுங்கோ: பத்து வருசத்துக்கு மேல், ஒவ்வொரு நாளும் இந்த மேய்ப்பனுக்கு என்ன வேலை குடுப்பியள்?