வந்தவர்களும் போனவர்களும்: பழைய சென்னைச் சட்டமன்றம் பற்றிச் சில குறிப்புகள்

சென்னைச் சட்டமன்றத்தின் கதையைச் சொல்ல வருகிறவர்கள் முதலமைச்சர்களின் வரிசையைப் பிடித்துக்கொண்டு போவார்கள். சுப்பராயலு ரெட்டியார், பனகல் அரசர், சுப்பராயன், முனுசாமி நாயுடு, பொப்பிலி அரசர், ராஜாஜி என்று அது நீளும். எனக்கு உறுப்பினர் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு போகத்தான் விருப்பம். 127, 215, 375, 230, 190, 205, 206, 234. அவைக்குள் யாரை விட்டார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள், எந்த மாவட்டம் எந்தத் தேதியில் கிளம்பிப் போயிற்று என்பதெல்லாம் இந்த எட்டு எண்களுக்குள் இருக்கிறது.

*

127 என்பது 1921இல் கூடிய மேலவையின் கணக்கு. அன்று அது ஒன்றுதான் அவை. ஆளுநரின் நிர்வாகக் குழுவினர் இதற்கு மேல் தனி. 127 பேரில் 98 பேர் தேர்தலில் வந்தவர்கள், 29 பேர் நியமனம். தொகுதிகள் 61. மாகாணத்தில் அப்போது ஏறத்தாழ நாலு கோடி மக்கள். வாக்குரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர். நிலமும் வரி ரசீதும் உள்ளவனுக்கே ஓட்டு.

தொகுதிகளைப் பிரித்த விதத்தைப் பார்த்தால் அன்றைய சமூகம் அப்படியே தெரிகிறது. முஸ்லிம்களுக்குத் தனி, இந்தியக் கிறித்தவர்களுக்குத் தனி, ஐரோப்பியருக்குத் தனி, ஆங்கிலோ இந்தியருக்குத் தனி. பெருநிலக்காரர்களுக்கும், தோட்ட முதலாளிகளுக்கும், வணிகர் சங்கங்களுக்கும், பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கும் தனித்தனி இடங்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்குக்கூட இடம் இருந்தது. வயலில் நின்றவனுக்கும் ஆலையில் நின்றவனுக்கும் அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை. தொழிலாளர் தொகுதி என்ற பெயரே 1937இல்தான் வருகிறது.

மெஸ்டன் தீர்ப்பின்படி பிராமணரல்லாதாருக்கு 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1920 தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது; பிராமணரல்லாதாரின் கட்சியான நீதிக்கட்சி 98இல் 63 இடங்களைப் பிடித்தது. ஒதுக்கிய 28ஐ முதல் தேர்தலிலேயே பிராமணரல்லாதார் வெகுதூரம் தாண்டிவிட்டார்கள். ஒதுக்கீடு தேவைப்படவில்லை என்று இதை வைத்துச் சிலர் வாதிடுவதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த 28ஐக் கேட்டு நடத்திய பல ஆண்டுப் போராட்டம்தான் வேட்பாளர்களையும் வாக்காளர்களையும் உருவாக்கியது.

*

நியமன இடங்களில் ஐந்து, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு. பறையர், பள்ளர், வள்ளுவர், மாலா, மாதிகா, சக்கிலியர், தொட்டியர், செருமன், ஹொலெயா என்று இத்தனை சமூகங்களுக்கும் சேர்த்து ஐந்தே பேர். அவர்களையும் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, ஆளுநர் பெயர் குறித்தார்.

அந்த நியமன நாற்காலிகளில் உட்கார்ந்தவர்களில் எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் உண்டு. பொதுச் சாலை, பொதுக் கிணறு, அரசு அலுவலகம் ஆகியவற்றை யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற தீர்மானம் சீனிவாசனால் 1924இல் அவையில் நிறைவேறியது. தேர்தல் பலமோ கட்சி பலமோ இல்லாத ஒருவர் இதைச் செய்தார். சென்னைச் சட்டமன்றத்தின் தலைசிறந்த நாட்களில் ஒன்றாக இதைப் பள்ளிப் பாடத்தில் வைக்க வேண்டும்.

இந்த ஐந்து எப்படி முப்பது ஆயிற்று என்பது இன்னும் முக்கியம். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு சீனிவாசனும் உட்கார்ந்து தனித்தொகுதி கேட்டார். எம்.சி. ராஜா இந்து மகாசபையின் மூஞ்சேயோடு உடன்பாடு செய்துகொண்டு கூட்டுத்தொகுதியின் பக்கம் நின்றார். 1932இல் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு சென்னைக்கு 18 இடங்களைத் தனி வாக்காளர் தொகுதியாகக் கொடுத்தது. காந்தியின் உண்ணாவிரதம், பூனா ஒப்பந்தம். 18 என்பது 30 ஆனது. ஆனால் முதல் சுற்றில் ஒடுக்கப்பட்ட வாக்காளர்கள் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க, அந்த நால்வரில் ஒருவரைப் பொது வாக்காளர்கள் எல்லோருமாகச் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். இடம் கூடியது. கடைசிச் சொல் மட்டும் மற்றவர்களின் கைக்குப் போய்விட்டது. 18ஐயும் 30ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதை லாபம் என்று எழுதுகிறவர்கள் பாதியைத்தான் எழுதுகிறார்கள்.

*

பெண்கள். 1921இல் சென்னை மேலவை பெண்களுக்கு ஓட்டுரிமை வழங்கத் தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுவே முதல். உறுப்பினராக உட்காரும் உரிமைக்கு 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு கமலாதேவி சட்டோபாத்யாய மங்களூரில் நின்று மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றார். முத்துலட்சுமி ரெட்டி நியமனத்தில் உள்ளே வந்தார், 1927இல் துணைத்தலைவரானார், தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். காந்தி கைதானதும் 1930இல் பதவியை விட்டு வெளியேறினார். 1937இல் பெண்களுக்கென்று 8 இடங்கள்: பொதுவில் 6, முஸ்லிம் 1, இந்தியக் கிறித்தவர் 1. அந்த அவையின் துணை சபாநாயகர் ருக்மிணி லட்சுமிபதி.

*

1936 ஏப்ரல் 1 அன்று ஒரிசா தனி மாகாணமானது. கஞ்சமும் ஜெய்ப்பூர் ஜமீன் பக்கமும் சென்னையை விட்டுப் போயின. சென்னையின் வரைபடம் மொழி காரணமாகச் சுருங்கியது அதுவே முதல் தடவை. 1953ஐப் பற்றிப் பேசும்போது இதை யாரும் நினைவுபடுத்துவதில்லை.

*

1937இல் கூடிய அவையின் 215இன் கூட்டல்: பொது 116, ஒடுக்கப்பட்டோர் 30, முஸ்லிம் 28, இந்தியக் கிறித்தவர் 8, பெண்கள் 8, நிலக்கிழார் 6, வணிகமும் தொழிலும் 6, தொழிலாளர் 6, ஐரோப்பியர் 3, ஆங்கிலோ இந்தியர் 2, பல்கலைக்கழகம் 1, பின்தங்கிய பகுதிகளும் பழங்குடிகளும் 1. பழங்குடிகளுக்கு ஒன்று, ஐரோப்பியருக்கு மூன்று. எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்று பார்த்துப் பிரித்த பங்கீடு இல்லை இது.

காங்கிரஸ் 159 பிடித்தது. பொப்பிலியில் பொப்பிலி அரசரையே வி.வி. கிரி தோற்கடித்தார். ஜமீன் காலம் முடிந்ததற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. அந்தக் கிரியின் பெயர் இந்தக் குறிப்புகளில் இன்னொரு தடவை வரும்.

1939 அக்டோபரில் அமைச்சரவை விலகியது. அதன் பிறகு 1946 வரை ஆளுநர் ஆட்சி.

*

1952. முதன்முதலாக வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. 309 தொகுதிகள், 375 இடங்கள். 66 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் என்பதால் இந்த வித்தியாசம். அவற்றில் 62 பொதுவும் தாழ்த்தப்பட்டோரும், 4 பொதுவும் பழங்குடியினரும்.

காங்கிரசுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மைக்கு 188 வேண்டும். தேர்தலிலேயே நிற்காத ராஜாஜி மேலவை நியமன உறுப்பினராகி முதலமைச்சரானார். மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி போன்றவற்றின் துணையோடு, ஜூலை 3 அன்று 200க்கு 151 என்று நம்பிக்கை வாக்குப் பெற்றார். இந்தக் கதை எல்லோரும் சொல்வது. நான் 152ஐ மாவட்டவாரியாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறேன். தமிழ் மாவட்டங்களின் 190 இடங்களில் 96. மலபாரின் 29இல் வெறும் 4. தென் கன்னடத்தின் 11இல் 9. மிச்சம் 43, தெலுங்கு மாவட்டங்களிலும் பெல்லாரியிலும்.

இனி கட்சி மாறியவர்களைக் கணக்கில் எடுக்காமல் தேர்தல் முடிவை மட்டும் வைத்துப் பாருங்கள். 375 பேர் அவையில் காங்கிரஸ் 152, அதாவது நூற்றுக்கு 40. ஆந்திரமும் பெல்லாரியும் போன பிறகு 230இல் 109, நூற்றுக்கு 47. மலபாரும் தென் கன்னடமும் போன பிறகு 190இல் 96, பாதிக்கு மேல் ஒன்று. ஓர் ஓட்டுகூடப் புதிதாக விழவில்லை. எல்லைக்கோடு நகர்ந்தது, சிறுபான்மைக் கட்சி பெரும்பான்மைக் கட்சியாயிற்று. காமராஜர் ஆட்சியின் உறுதிக்கு அவருடைய திறமையைக் காரணம் சொல்வது நியாயம்தான். அதோடு இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்வதுதான் முழு நியாயம்.

*

1953 ஜூலை இறுதியில் ராஜாஜியின் புதிய கல்வித் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்தின் மீது வாக்கெடுப்பு. 138க்கு 138. சபாநாயகர் சிவசண்முகம் பிள்ளையின் வாக்கால் தீர்மானம் விழுந்தது. நிபுணர் குழுவுக்கு அனுப்பும் தீர்மானம் 139க்கு 137 என்று நிறைவேறியது. தமிழ்நாட்டு அரசியலைப் புரட்டிப்போட்ட இந்த வாக்கெடுப்பு நடந்தபோது அவையில் தெலுங்கு உறுப்பினர்கள் இருந்தார்கள் என்பது பலருக்கும் தோன்றுவதே இல்லை. இரண்டு மாதம் கழித்து அவர்கள் அங்கே இல்லை.

*

1953 அக்டோபர் 1. ஆந்திர மாநிலம் பிறந்தது. 140 உறுப்பினர்கள் கர்நூலுக்குப் போனார்கள். பெல்லாரி மாவட்டம் இரண்டாகப் பிளந்தது: ஆலூர், ஆதோனி, ராயதுர்கம் வட்டங்கள் ஆந்திரத்துக்கு, மற்றவை மைசூருக்கு. பெல்லாரியின் 5 உறுப்பினர்களால் 99 பேர் இருந்த மைசூர்ச் சட்டமன்றம் 104 ஆயிற்று. சென்னையில் மிஞ்சியது 230.

எதிர்க்கட்சித் தலைவராக இருந்த நாகி ரெட்டி அனந்தபூர்க்காரர், அவரும் போய்விட்டார். 1952இல் சிறையில் இருந்தபடியே மதுரையில் வென்ற பி. ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார்.

ஆந்திர மாநிலம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உயிர் விட்டதும் சென்னையில்தான். இந்த 140 பேரின் புறப்பாட்டுக்கு அவர் கொடுத்த விலை அது.

*

1954இல் காமராஜர் முதலமைச்சரானபோது அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்ற உறுப்பினர். மேலவைக்குள் எளிதாக நுழைந்திருக்கலாம். குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று மக்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தார். ஓர் இடைத்தேர்தல் இத்தனை கண்ணியமாக அமைந்தது குறைவு.

*

1956 நவம்பர் 1. மலபார் கேரளத்துக்கு. தென் கன்னடம் மைசூருக்கு, அதில் காசர்கோடு மட்டும் கேரளத்துக்கு. 230இலிருந்து 29, 11 கழித்தால் 190.

மலபார் உறுப்பினர்களின் நிலைமைதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ஆந்திர உறுப்பினர்களுக்குப் போய் உட்கார ஓர் அவை இருந்தது. இவர்களுக்கு அது இல்லை. திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றம் அந்த ஆண்டு மார்ச்சிலேயே கலைக்கப்பட்டுவிட்டது. கேரளம் குடியரசுத் தலைவர் ஆட்சியில் பிறந்தது. 1957 தேர்தல் வரை மலபார் மக்களுக்காகப் பேச எந்த மாநிலச் சட்டமன்றத்திலும் ஆள் இல்லை.

சென்னையின் சபாநாயகர் என். கோபால மேனனே மலபார்க்காரர். 1955 செப்டம்பரில் பதவிக்கு வந்தவர், 1956 நவம்பர் 1 அன்று அவரது பதவியும் முடிந்தது. எந்தத் தீர்மானமும் அவரை நீக்கவில்லை.

திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றம் கலைந்திருந்த அதே காரணத்தால், அங்கிருந்து நம் பக்கம் வந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டைப் பகுதிகளும் உறுப்பினர் யாரும் இல்லாமலே வந்தன. உயிர்ப்பலி கொடுத்துத் தமிழகத்தோடு சேர்ந்த மக்கள், சேர்ந்த முதல் சில மாதங்கள் அவையில் குரலற்று இருந்தார்கள்.

*

இனி, அவை கூடிய இடங்கள். 215 பேர் செனட் மண்டபத்தில் கூடினார்கள், பிறகு இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் விருந்து மண்டபத்தில், 1946க்குப் பிறகு புனித ஜார்ஜ் கோட்டையில். 375 பேருக்குக் கோட்டையில் இடம் போதவில்லை. அரசினர் தோட்டத்தில் புது மண்டபம் கட்டி 1952 மே 3 அன்று குடிபோனார்கள். எண்ணிக்கை 190 ஆனதும் 1957இல் கோட்டைக்கே திரும்பினார்கள். காலியான மண்டபம் பாலர் அரங்கமாகி, பின்னர் கலைவாணர் அரங்கமாயிற்று. இப்போது அங்கே நிற்பது புதுக் கட்டடம். கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில், இடைவெளி விட்டு உட்காரப் பேரவை மறுபடியும் அங்கேதான் கூடியது.

*

இரட்டை உறுப்பினர் தொகுதிகளின் முடிவு. 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் இரண்டு இடங்கள், ஒன்று பழங்குடியினருக்கு. இரண்டு இடத்தையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றார்கள். தோற்றவர் வி.வி. கிரி. பொதுவிடத்தைத் தனக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார், கிடைக்கவில்லை. ஒதுக்கிய இடம் போக மீதியிடத்திலும் பழங்குடியினர் வெல்லலாம் என்றது நீதிமன்றம். என் பார்வையில் அது நல்ல தீர்ப்பு. 1961இல் இரட்டைத் தொகுதிகளையே சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஒரே தொகுதியில் இரு சமூகத்தவரும் இருவருக்குமாக ஓட்டுப் போட்ட ஏற்பாடு அத்தோடு போனது.

*

மிச்சத்தைச் சுருக்கமாக: 1957 தேர்தலில் 205. ம.பொ.சி.யின் போராட்டத்தின் பலனாக 1960 ஏப்ரலில் ஆந்திரத்திலிருந்து திருத்தணி வந்தது, அதோடு 206. 1967இல் 234. மேலவை 1986 நவம்பர் 1 அன்று முடிந்தது. ஆங்கிலோ இந்திய நியமன இடம் 2020இல் முடிந்தது.

234 இன்றுவரை மாறவில்லை.

*

சட்டப்பேரவைச் செயலகத்துக்கு ஒரு வேண்டுகோள். 1921 முதல் 1956 வரை அவையில் இருந்த ஒவ்வொருவரின் பெயரும், தொகுதியும், தேர்தலா நியமனமா என்பதும், இறப்பு, விலகல், இடைத்தேர்தல், மாநிலப் பிரிவு என எந்தக் காரணத்தால் இடம் காலியானது என்பதும் ஒரே தமிழ்த் தொகுப்பாக எல்லோர் கைக்கும் எட்ட வேண்டும். தெலுங்கு, மலையாள, கன்னட உறுப்பினர்களையும் விடாமல் அதில் சேர்க்க வேண்டும். அவர்களும் இந்த அவையின் உறுப்பினர்களே.