நகமும் நரம்பும்

நெருங்கிய நட்பினை 'நகமும் சதையும் போல' என்பது நம் நாட்டு வழக்கு. கிதார் வாசிப்போர் நடுவிலோ நகத்துக்கும் சதைக்கும் இடையே இருநூறு ஆண்டுகளாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. பிள்ளையார்பாளையத்தில் நம் இல்லத்துப் படியையும் அது ஏறிற்று.

நம் தமக்கையின் மகன் கல்லூரி மாணவன். வார நாள்களில் செவ்வியல் கிதார் பயில்கிறான். ஞாயிறுதோறும் நண்பர்களின் இசைக்குழுவில் பேஸ் கிதார் வாசிக்கிறான். பெயரால் ஒன்றெனத் தோன்றும் இவ்விரு கருவிகளும் விரலிடம் கேட்பனவோ முரணானவை. செவ்வியல் கிதாருக்கு வலக்கையில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகிய நான்கின் நகங்களும் விரல்நுனியைக் கடந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீண்டிருத்தல் வேண்டும். நைலான் தந்தி முதலில் சதையைத் தொட்டுப் பின்னர் நக விளிம்பில் வழுக்கி விடுபடும்போதே ஒலி திரண்டும் தெளிந்தும் பிறக்கிறது. 1951இல் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொணர்ந்த மின் பேஸ் கிதாரோ தடித்த உலோகத் தந்திகளை உடையது. அதனைச் சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் சதையால் மீட்டுவதே பெருவழக்கு. நகம் இடைப்படின் 'டிக்' என்னும் வேண்டா ஓசை எழும். தந்தியின் சுற்றுக்கம்பி அரம் போல நகத்தைத் தின்றுவிடும். ஞாயிறு மாலை பேஸ் வாசித்தவன் திங்கள் காலை பிளந்த நகத்தோடு ஆசிரியர்முன் நிற்பான்.

மூன்றாவது கட்சிக்காரர் அவனுடைய பாட்டியார். ஜும்ஆவுக்கு முன் நகம் களைவது நம் இல்லத்து ஒழுங்கு. நகம் களைதல் இயற்கை நெறிகளுள் ஒன்று என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மொழிந்ததும், அதற்கு நாற்பது நாள் எல்லை வகுக்கப்பெற்றதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. "நகம் பருந்துக்கு அழகு, பிள்ளைக்கு அழகா?" என்று அவர் கேட்டார். பேரனோ, "மாமு, இன்று ஒட்ட வெட்டினால் மூன்று வாரம் என் கிதார் ஊமை. அடுத்த மாதம் டிரினிட்டி தேர்வு" என்றான். அவன் கணக்கு சரியே. கைந்நகம் மாதத்திற்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர்தான் வளரும். இளையராஜா அவர்கள் செவ்வியல் கிதாரில் டிரினிட்டி தேர்வெழுதித் தேறியவர் என்பதையும் அவன் மறவாமல் சொன்னான்.

இசை குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனைத் தீர்ப்பது தமிழாசிரியர் பணியன்று. ஆயினும் நரம்புக் கருவியின் வரலாறு நமக்குப் புறம்பானதன்று. பாக்தாதிலிருந்து புறப்பட்டு 822இல் ஸ்பெயினின் குர்துபா நகரை அடைந்த ஸிர்யாப், ஊத் என்னும் கருவியை மரக்கோலால் மீட்டுவதை விடுத்துக் கழுகின் இறகுத்தண்டைக் கைக்கொண்டவர். சித்தார் வாசிப்போர் விரலில் அணியும் 'மிஸ்ராப்' என்பதும் அடித்தலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்த சொல்லே. நகத்தைக் காக்கவே மனிதன் இறகையும் கம்பியையும் தேடினான் போலும்!

காஞ்சியில் வாழும் நாம் பெரும்பாணாற்றுப்படையை மறத்தல் இயலுமோ? தொண்டைமான் இளந்திரையனை நாடிப் பேரியாழுடன் நடந்த பாணனின் ஊர் வழியன்றோ இது! யாழை மீட்டும் விரல்தொழில்களுள் உந்தல், உருட்டல் முதலியவற்றைச் சிலப்பதிகாரம் பெயரிட்டுக் கூறுகிறது. விரலின் நுண்தொழிலுக்கு இத்தனை பெயர் வைத்த மொழி நம்முடையது. வீணை தனம்மாள் (1867-1938) மீட்டுகோல் அணியாது வெறும் விரலாலேயே வாசித்தவர். சரோத் கலைஞர்களின் நிலை இன்னும் வியப்புக்குரியது. அம்ஜத் அலி கான் போன்றோர் இடக்கை நகத்தின் விளிம்பாலேயே தந்தியை அழுத்துவர். நகத்தில் பள்ளம் விழும். கிதாரிலோ இடக்கை நகங்கள் ஒட்டக் களையப்பட வேண்டும். கருவிக்கொரு நீதி.

கிதாரின் தாயகமான ஸ்பெயினில் பிறந்த பெர்னாண்டோ சோர் சதையால் வாசித்தார். அவருடைய நாட்டவரான அகுவாதோ நகத்தால் வாசித்தார். இருவரும் பாரிசில் உற்ற நண்பர்களாய் இருந்தனர். இருவரும் சேர்ந்து வாசித்தற்குரிய ஓர் இசையைச் சோர் இயற்றி, 'இரு நண்பர்கள்' என்றே பெயரிட்டார். பின்வந்த தாரேகா தம் இறுதிக் காலத்தில் நகங்களைக் களைந்து சதைக்கே மீண்டார். செகோவியாவோ இரண்டையும் கலந்தார். ஆகவே நகமின்றேல் இசையின்று என்பாரோடு நாம் உடன்படுவதில்லை. ஆனால் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் ஒருவனது வாசிப்பு முறையையே மாற்றச் சொல்வதும் அறமாகாது.

ஒட்டு நகம் என்றொரு வழி உண்டு. மேசைப்பந்தாட்டப் பந்தினை நறுக்கிப் பசையால் ஒட்டிக்கொள்வோர் உளர். பிளந்த நகத்தின்மீது உறுதிப்பசை பூசுவோரும் உளர். ஐவேளைத் தொழுகையாளிக்கு இவை ஒவ்வா. ஒளூவின் நீர் நகத்தைச் சேராது. பள்ளிவாசல் இமாம் அவர்களிடம் வினவினோம். "முற்றக் களைவதே சுன்னத். நாற்பது நாள் எல்லையைத் தாண்டாமலும், அடியில் அழுக்குச் சேராது நீர் புகுமாறும் வைத்திருப்பின் ஒளூவுக்குக் குறையில்லை" என்றார்.

அதன்பின் ஓர் உடன்பாடு பிறந்தது. இடக்கை விரல்கள் ஐந்தும் வலக்கைச் சிறுவிரலும் வெள்ளிதோறும் பாட்டியாருக்குரியன, ஒட்டக் களையப்படும். எஞ்சிய நான்கும் அன்றே அரத்தால் தேய்க்கப்பட்டு அளவுக்குக் குறைக்கப்படும். அவற்றுள் பேஸ் வாசிக்கும் சுட்டுவிரலும் நடுவிரலும் விரல்நுனி மட்டத்தைச் சற்றே தாண்டலாம், அவ்வளவே. பேஸ் வாசிக்கையில் விரலைத் தட்டையாகச் சாய்த்துச் சதையின் உட்பகுதியால் மீட்ட வேண்டும். கிதாரில் மணிக்கட்டைச் சிறிது திருப்பினால் குறுநகமும் தந்தியைப் பற்றும். ஒலியின் பளபளப்பு சற்றுக் குறைவதை ஆசிரியர் பொறுத்துக்கொண்டார். தேர்வு முடியும்வரை பேஸ் கிதாருக்குப் பிளாஸ்டிக் பிக் மட்டுமே.

அரத்தால் தேய்த்த விளிம்பில் கண்ணுக்குப் புலப்படாச் சொரசொரப்பு எஞ்சும். அது தந்தியில் கீறல் ஓசையாய் வெளிப்படும். இதற்குத் தீர்வு அடுத்த வீட்டுத் தறிக்காரரிடம் கிடைத்தது. பட்டிழை சிக்கும் என்பதால் அவர் நகத்தைச் சிறிதும் வளரவிடுவதில்லை. நகம் வெட்டியபின் ஒற்றைப் பட்டிழையை அதன் விளிம்பில் இழுத்துப் பார்ப்பார்; இழை தடைப்பட்டால் மீண்டும் தேய்ப்பார். மருமகனின் கிதார்ப் பெட்டியில் இப்போது அரத்தோடும் நுண்ணிய உப்புத்தாளோடும் தறியில் கழிந்த பட்டு நூல் ஒரு பிடி இருக்கிறது. வெள்ளிதோறும் பாட்டியார் அந்நூலை வாங்கித் தாமே இழுத்துப் பார்த்த பின்னரே அவனைப் பள்ளிக்கு அனுப்புகிறார்.