கூரை வீடும் புயல் காற்றும்

வேதாரண்யம் கடற்கரையில் கூரை வீட்டில் வாழும் எங்களுக்கு ஐப்பசி பிறந்தாலே கவலைதான். புயல் எச்சரிக்கை கேட்டதும் பழைய மீன்வலையைக் கூரைமேல் விரித்து, நான்கு மூலையிலும் முளையடித்துக் கட்டுவோம். குடும்ப அட்டையையும் பள்ளிச் சான்றிதழ்களையும் பாலிதீன் பையில் சுற்றிக்கொள்வோம். ஆடுகளை அவிழ்த்துவிட்டு, புயல் பாதுகாப்பு மையத்திற்கு நடப்போம்.

2018 நவம்பர் 16, நள்ளிரவுக்குப் பின் கஜா கரையைக் கடந்தது. பேயாய் அடித்த காற்று சட்டென்று ஓய்ந்தது. "ஆடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று எழுந்த அப்பாயியை அப்பா கையைப் பிடித்து உட்கார வைத்தார். அது புயலின் கண். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று சீறிப் பாய்ந்தது.

விடிந்தபோது எங்கள் வீடிருந்த இடத்தில் முளைகள் மட்டுமே நின்றன. தென்னைகள் வரிசையாய்ச் சாய்ந்து கிடந்தன. கூரையை மீண்டும் வேய்ந்துவிட்டோம். அப்பாயியை எங்கே தேடியிருப்போம்? தோழியரே, காற்று நின்றதென்று கதவைத் திறவாதீர்கள்!